பாகுபாட்டை வாசலில் நின்று பார்க்க வேண்டும்: வீடற்றோர் பற்றிய ஆய்வுக்கு ஒரு பதில்

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சமூகப்பணி முதுகலை படிக்கும் மாணவி ஒருவர், சென்னை வால்டாக்ஸ் சாலை, பாரிமுனைப் பக்கம் நடைபாதையில் வாழ்கிறவர்கள் சந்திக்கும் பாகுபாட்டைப் பற்றி ஆய்வேடு எழுதப்போகிறார். 200 பேரிடம் ‘ஆம், இல்லை’ வினாப்பட்டியலை நிரப்பி வாங்கினால் போதும் என்கிறார் அவருடைய வழிகாட்டி. அது போதுமா, வேறு என்னென்ன முறைகள் இருக்கின்றன என்று கேட்டிருக்கிறார்.

200 பேர் தாராளமாகப் போதும். ஆனால் அந்த 200 பேரும் ஒரே பக்கத்தில் நிற்பவர்கள். காய்ச்சலை அளக்க நோயாளியின் வாயில் வெப்பமானியை வைக்கலாம். பாகுபாட்டை அப்படி அளக்க முடியாது. அது இரண்டு பேருக்கு நடுவில் நடக்கிற காரியம். ஒருவர் கேட்கிறார், இன்னொருவர் மறுக்கிறார், அல்லது இழுத்தடிக்கிறார், அல்லது குரலை உயர்த்துகிறார். அதோடு ஒப்பீடும் வேண்டும். மருத்துவமனையில் நான்கு மணி நேரம் காக்கவைத்தார்கள் என்றால் அது கொடுமைதான். ஆனால் அன்று வந்த எல்லோரையும் நான்கு மணி நேரம் காக்கவைத்திருந்தால் அதைப் பாகுபாடு என்று சொல்ல முடியாது. முகவரி சொல்ல முடிந்தவருக்கு ஒன்றரை மணி நேரத்தில் வேலை முடிந்திருந்தால்தான் சொல்லலாம். மறுத்தவரையும், மறுக்கப்படாத மூன்றாவது ஆளையும் விட்டுவிட்டு, மறுக்கப்பட்டவரை மட்டும் 200 முறை கேட்டால் உங்கள் கையில் மிஞ்சுவது துன்பத்தின் பட்டியல். அதற்கும் மதிப்பு உண்டு. ஆய்வேட்டின் தலைப்பை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்த சிக்கல், யாரை ‘வீடற்றவர்’ என்கிறோம் என்பது. பல ஆண்டுகளுக்கு முன் நான் முதன்முதலாகக் களத்துக்குப் போனபோது என் படிவத்தின் முதல் கட்டம் ‘வீட்டு முகவரி’. ஐம்பது வயதுப் பெண் ஒருவரிடம், “உங்களுக்கு வீடு இல்லை, அதனால் இதை விட்டுவிடலாம்” என்று சொல்லிவிட்டேன். “வீடு இல்லை என்று உங்களிடம் யார் சொன்னது? என் அம்மா இங்கேதான் என்னைப் பெற்றாள். மழைக்கு ஒழுகுகிற வீடு என்று எழுதிக்கொள்ளுங்கள்” என்றார். வடசென்னையின் நடைபாதைகளில் இரண்டு மூன்று தலைமுறைகளாக இருக்கும் குடும்பங்கள் உண்டு. அடுப்பும் சாமி படமும் வைத்திருக்கிற அவர்களும், ஊரை விட்டு வந்து ரயில் நிலைய வாசலில் தனியாகப் படுத்திருக்கும் முதியவரும், மனநோயோடு தெருவில் அலையும் பெண்ணும் ஒரே சொல்லுக்குள் அடங்கமாட்டார்கள். அவர்களை வாட்டுகிற பாகுபாடும் ஒன்றல்ல. குடும்பத்துக்குத் தடையாக நிற்பது ரேஷன் கார்டு. முதியவருக்குப் படுக்கிற இடம். அந்தப் பெண்ணுக்கு மருத்துவமனை வாசலே. மூவரையும் கலந்து சராசரி எடுத்தால் கிடைக்கிற எண், மூவரில் ஒருவரையும் குறிக்காது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இதை எப்படிக் கையாள்கிறது என்று பாருங்கள். கட்டடத்துக்குள் வாழாமல் சாலையோரம், நடைபாதை, பெரிய குழாய், மேம்பாலத்தின் அடி, மாடிப்படியின் அடி, கோயில் மண்டபம், ரயில் நிலைய நடைமேடை போன்ற இடங்களில் இருப்பவர்கள் வீடற்றோர். 2011-இல் பிப்ரவரி 28 அன்று இரவு அவர்களை எண்ணினார்கள். நாடு முழுவதும் 17.73 லட்சம் பேர் என்று கணக்கு வந்தது. 2001-இல் அது 19.43 லட்சம். ஒரே இரவில் எண்ணி முடிக்கிற கணக்கு எவ்வளவு நழுவும் என்பதற்கு டெல்லியே சாட்சி. அங்கே 2011 கணக்கெடுப்பு 46,724 பேர் என்றது. மூன்று ஆண்டு கழித்து டெல்லியின் குடிசை மேம்பாட்டு வாரியம் எடுத்த கணக்கு 16,760 என்றது. இடையில் முப்பதாயிரம் பேருக்கு வீடு கிடைத்துவிடவில்லை. எண்ணுகிறவரும் இரவும் வரையறையும் மாறினால் ஆட்களும் மாறிவிடுகிறார்கள்.

இந்தத் தலைவலி நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. 1985, 86-இல் சிகாகோவில் பீட்டர் ரோஸி என்ற சமூகவியலாளர் நகரத்தின் தெருப்பகுதிகளை மாதிரியாகப் பிரித்து, பணியில் இல்லாத போலீஸ்காரர்களைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, நள்ளிரவுக்குப் பின் ஆட்களை எழுப்பி எழுப்பிக் கேட்கவைத்தார். ஓர் இரவில் வீடற்றிருப்போர் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் என்று வந்தது. அதுவரை தொண்டு அமைப்புகள் சொல்லிவந்த எண்ணோ பத்தாயிரங்களில் இருந்தது. பெரும் சண்டை மூண்டது. ரோஸியின் புள்ளியியல் சுத்தமானது, மறுக்கவில்லை. ஆனால் நள்ளிரவில் போலீஸ்காரரோடு வந்து எழுப்புகிறவரிடம் “ஆமாம், நான் வீடற்றவன்” என்று எத்தனை பேர் ஒப்புக்கொள்வார்கள்? அளக்கிற கருவியே பயமுறுத்தினால் அளவும் சுருங்கும். நியூயார்க்கில் பின்னர் வேறொரு தந்திரம் செய்தார்கள். வீடற்றவர்களைப் போல ஆய்வாளர்களே சிலரை ஆங்காங்கே உட்காரவைத்து, எண்ண வந்தவர்கள் அவர்களில் எத்தனை பேரைக் கண்டுபிடிக்கிறார்கள் என்று பார்த்தார்கள். ஆட்களை உட்காரவைத்த இடங்களில் நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்டவற்றில் எண்ணிக்கைக்காரர்கள் அவர்களைத் தவறவிட்டிருந்தார்கள். மீன் குளத்தில் சில மீன்களுக்கு அடையாளம் போட்டுவிட்டு வலை வீசுவதைப் போன்ற முறை இது.

நீங்கள் நகரத்தையே எண்ணப்போவதில்லை. ஆனாலும் பாடம் பொருந்தும்: பட்டியல் இல்லாத மக்களிடமிருந்து மாதிரி எடுக்கிறீர்கள். இரவுக் காப்பகத்தில் மட்டும் போய்க் கேட்டால் வேலை சுலபம். காப்பகம் சேர்க்க மறுத்தவர்கள் உங்கள் ஆய்வில் இருக்கமாட்டார்கள். பாகுபாட்டை ஆய்கிற ஒருவருக்கு இதைவிடப் பெரிய ஓட்டை வேண்டாம். இடத்தையும் நேரத்தையும் சேர்த்து மாதிரி எடுங்கள். விடியற்காலையில் தண்ணீர் லாரி நிற்கும் இடம், மதியம் அன்னதானம் நடக்கும் இடம், இரவு பத்து மணிக்கு மேல் மூடிய கடைகளின் வாசல் என்று ஒரு கால அட்டவணை போட்டுக்கொண்டு அதிலிருந்து குலுக்கி எடுத்தால், உங்களுக்கு வசதியான நேரத்தில் கண்ணில் பட்டவர்கள் மட்டும் மாதிரியாகிவிடும் ஆபத்து குறையும். ஒருவர் மூலம் இன்னொருவரை அடைகிற சங்கிலி முறையும் இருக்கிறது. டக்ளஸ் ஹெக்கதார்ன் என்ற சமூகவியலாளர் 1997-இல் அதற்கு ஒரு கணக்கு வடிவம் கொடுத்தார். தனியாக இருப்பவர்களிடம் சங்கிலி சீக்கிரமே அறுந்துவிடும் என்பதால் குடும்பங்களுக்கு மட்டும் அதைப் பரிந்துரைப்பேன்.

இனி வினாப்பட்டியலுக்கு வருகிறேன். “உங்களை மருத்துவமனையில் உள்ளே விட மறுத்தார்களா?” என்று கேட்டால் பெரும்பாலும் வரும் பதில் “இல்லை”. அதை எழுதிக்கொண்டு திரும்பினால் பாகுபாடே இல்லை என்று முடிவு வந்துவிடும். அவர்கள் மருத்துவமனைக்கே போயிருக்கமாட்டார்கள். கூட யாரும் இல்லாவிட்டால் சேர்த்துக்கொள்ளமாட்டார்கள், குளிக்காமல் போனால் திட்டுவார்கள் என்று தெரிந்து, கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு படுத்துவிடுவார்கள். தட்டாத கதவு சாத்தப்படுவதில்லை. எனவே கேள்வியைப் பின்னாலிருந்து தொடங்குங்கள். கடைசியாக உடம்புக்கு முடியாமல் போனது எப்போது? அப்போது என்ன செய்தீர்கள்? போகவில்லை என்றால் ஏன்? போனீர்கள் என்றால் வாசலிலிருந்து வீடு திரும்பும்வரை யார் யாரிடம் பேசினீர்கள்? ‘வீடு திரும்பும்வரை’ என்றுதான் நானும் எழுதுகிறேன் பாருங்கள், பழக்கம் விடுவதில்லை.

காலத்தைக் கேட்கும்போது ‘கடந்த 12 மாதங்களில்’ என்று கேட்காதீர்கள். பொங்கலுக்கு முன்பா பின்பா, ஆடித் திருவிழாவுக்கு அருகிலா, பழைய சம்பவமானால் 2015 வெள்ளத்துக்கு முன்பா, வர்தா புயலுக்குப் பிறகா, கொரோனா ஊரடங்கின்போதா என்று கேளுங்கள். தேதி மறந்தவர்களுக்கும் வெள்ளம் மறக்காது. நடைபாதையில் இருந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

இதற்கென்றே உலகெங்கும் புழங்கும் ஓர் அளவுகோல் உண்டு. டேவிட் வில்லியம்ஸ் குழு 1997-இல் வெளியிட்ட அன்றாடப் பாகுபாட்டு அளவுகோல். மற்றவர்களைவிட மரியாதைக் குறைவாக நடத்துகிறார்களா, கடைகளில் உங்களைச் சரியாகக் கவனிப்பதில்லையா, உங்களைக் கண்டு பயப்படுவதுபோல நடந்துகொள்கிறார்களா என்பது போன்ற ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றும் எவ்வளவு அடிக்கடி என்று. பிறகு, இதற்குக் காரணம் என்ன என்று நினைக்கிறீர்கள் என்று ஒரு கேள்வி. கறுப்பின அமெரிக்கர்களை மனத்தில் வைத்து உருவான கருவி அது. அப்படியே மொழிபெயர்த்து நீட்டினால் சில வரிகள் இங்கே கேலியாகிவிடும். ‘உணவகத்தில் மோசமான சேவை’ என்றால் உட்கார்ந்து சாப்பிட்ட அனுபவம் இருக்க வேண்டாமா? “டீக்கடையில் உங்களுக்கு மட்டும் பேப்பர் கப்பில் கொடுக்கிறார்களா, நின்று குடிக்க விடுகிறார்களா” என்று மாற்றுங்கள்.

அந்தக் கடைசிக் கேள்வியில், அதாவது காரணம் கேட்கும் இடத்தில், நம் நாட்டுச் சிக்கல் முழுவதும் வந்து குவிகிறது. டொராண்டோவில் மனநலப் பாதிப்போடு வீடற்றிருந்த 550 பேரிடம் மருத்துவ இடங்களில் நேர்ந்த பாகுபாட்டைப் பற்றிக் கேட்ட ஆய்வு ஒன்றில், ஏறத்தாழ மூன்றில் ஒருவர் வறுமையையும் வீடின்மையையும் காரணமாகச் சொன்னார்கள்; மனநோய் அல்லது போதைப் பழக்கம் என்று சொன்னவர்களும் ஏறத்தாழ அதே அளவு; இனம், தோல் நிறம் என்று சொன்னவர்கள் அதில் பாதி. ஒருவரே இரண்டு மூன்று காரணம் சொல்லலாம். இங்கே அந்த இடத்தில் சாதி வந்து உட்காரும். விரட்டப்பட்டது வீடு இல்லாததாலா, சாதியாலா, அழுக்கு உடையாலா, வடநாட்டுக்காரர் என்பதாலா, திருநங்கை என்பதாலா? விரட்டப்பட்டவருக்கு அது தெரியாது. விரட்டியவர் சொல்லமாட்டார். ஆகவே ‘காரணம் என்று நீங்கள் நினைப்பது’ என்பதை நினைப்பாக மட்டும் பதிவுசெய்யுங்கள், காரணமாக எழுதிவிடாதீர்கள்.

காரணத்தைத் தனியே பிரித்துக் காட்ட வல்ல முறை ஒன்றுதான்: ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றிவிட்டு மற்ற எல்லாவற்றையும் அப்படியே வைப்பது. சுகதேவ் தோரட், பால் ஆட்வெல் என்ற ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கில நாளிதழ்களில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். தகுதியெல்லாம் ஒன்றே, பெயர் மட்டும் வேறு. உயர்சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு மூன்றில் இரண்டு பங்காகவும், முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்காகவும் இருந்தது. இதே தோரட் பின்னர் வேறு சிலரோடு சேர்ந்து டெல்லி, நொய்டா, குர்கான், காஜியாபாத், பரிதாபாத்தில் வாடகை வீடு தேடும் சோதனையையும் நடத்தினார். 2015-இல் வெளிவந்தது. பெயரைக் கேட்டதும் ‘வீடு முடிந்துவிட்டது’ என்று சொல்லும் வீட்டுக்காரர்களை அதில் சந்திக்கலாம்.

பெயரை மாற்றிய இடத்தில் முகவரியை மாற்றினால் உங்கள் ஆய்வு ஆகுமே என்று தோன்றும். பாதுகாவலர் வேலை, பாத்திரம் கழுவும் வேலை, சரக்கு ஏற்றும் வேலை ஆகியவற்றுக்குத் தொலைபேசியில் கேட்டு, ஒருவர் தெருப்பெயரும் கதவு எண்ணும் சொல்ல, இன்னொருவர் இரவுக் காப்பகத்தின் பெயரைச் சொல்லலாம். நல்ல யோசனைதான். ஆனால் இந்த வேலைகளில் பெரும்பாலானவை விளம்பரத்தில் வருவதில்லை. தெரிந்தவர் சொல்லி, நேரில் பார்த்து, ஆதாரைக் காட்டிச் சேர்வது. நேரில் போகும் சோதனை என்றால் ஆளின் உடை, வாசம், நிற்கும் தோரணை எல்லாம் பேசும். முகவரி மட்டும் பேசாது. இன்னொன்று: மருத்துவமனையில் இந்தச் சோதனையை நடத்தும் ஆசை வேண்டாம். பொய்யான நெஞ்சுவலியோடு ஒருவரை வரிசையில் நிறுத்தினால் உண்மையான நெஞ்சுவலிக்காரர் ஓர் இடம் பின்னால் போவார். எந்த ஆய்வேடும் அந்த இடத்துக்கு ஈடாகாது.

ஒரு மாணவியால் நான்கு மாதத்தில் செய்யக்கூடியது வேறொரு முறை. சிகாகோவில் போலீஸ்காரரோடு அலைந்த அதே பீட்டர் ரோஸி உருவாக்கிக் கொடுத்தது என்பது வேடிக்கை. ஒரு சின்னச் சூழலை எழுதிக் கொடுத்து, அதில் சில விவரங்களை மட்டும் மாற்றி மாற்றிக் கேட்பது. “நாற்பத்தைந்து வயது ஆண், மூன்று நாளாகக் காய்ச்சல், புறநோயாளி சீட்டு கேட்கிறார்” என்பது பொதுவரி. முகவரி தெருவிலா, நடைபாதையிலா; கூட ஒருவர் இருக்கிறாரா, தனியாகவா; உடை சுத்தமா, அழுக்கா. இரண்டு இரண்டாக மூன்று விவரம், மொத்தம் எட்டுச் சூழல்கள். முப்பது மருத்துவமனை ஊழியர்களிடம் ஆளுக்கு நான்கு கொடுத்தால் 120 பதில்கள். ‘சீட்டு கிடைக்க எவ்வளவு சாத்தியம், எவ்வளவு நேரம் காத்திருக்க நேரும்’ என்று ஒன்று முதல் பத்துக்குள் குறிக்கச் சொல்லலாம். எந்த ஊழியரும் தன் சீட்டில் முகவரி மட்டும் மாறியிருப்பதைக் கவனிக்காதபடி கலந்து கொடுப்பதில்தான் சாமர்த்தியம். “நீங்கள் என்ன செய்வீர்கள்” என்று கேட்காமல் “இங்கே வழக்கமாக என்ன நடக்கும்” என்று கேளுங்கள். தன்னைப் பற்றி நல்லதும் பக்கத்து மேசையைப் பற்றி உண்மையும் சொல்வது மனித சுபாவம்.

எண் வராத முறைகளைப் பற்றி உங்கள் வழிகாட்டிக்கு என்ன எண்ணமோ தெரியாது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு ஒன்று எண்ணால் வந்ததல்ல. மிட்செல் டுனேயர் என்ற சமூகவியலாளர் 1990-களில் நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ் நடைபாதையில் பழைய புத்தகமும் பத்திரிகையும் விற்ற கறுப்பின மனிதர்களோடு ஆண்டுக்கணக்கில் நின்றார். அவர்களில் பலர் அங்கேயே தூங்குகிறவர்கள். அவர்கள் தெருவில் சிறுநீர் கழிப்பது அந்தப் பகுதி மக்களுக்குப் பெரிய குறை. டுனேயருக்கும் அது வெறும் பழக்கமாகத்தான் முதலில் பட்டது. அவருக்கு அவசரம் என்றால் எதிரே இருக்கும் உணவகத்துக்குள் நுழைந்துவிட்டு வருவார், ஒருவரும் கேட்கமாட்டார்கள். அவர் வெள்ளைக்காரர், பேராசிரியர். அந்த மனிதர்களை அதே உணவகங்கள் உள்ளே விடுவதில்லை என்பது, பதிவுசெய்த பேச்சை நிதானமாகக் கேட்ட பிறகுதான் அவருக்கு உறைத்தது. அவர்களோடு தோளோடு தோள் நின்றும், தனக்குத் திறந்த கதவு அவர்களுக்கு மூடியிருந்ததை அவர் பார்க்கவில்லை.

இதிலிருந்து இரண்டு விஷயம் எடுத்துக்கொள்ளலாம். பாகுபாடு வெளியே தெரியும்போது பெரும்பாலும் பாதிக்கப்பட்டவரின் ‘கெட்ட நடத்தை’யாகத்தான் தெரியும். தெருவில் குளிக்கிறார்கள், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதில்லை, காப்பகத்துக்குக் கூப்பிட்டால் வரமாட்டேன் என்கிறார்கள். ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் பின்னால் எந்தக் கதவு மூடியிருக்கிறது என்று போய்ப் பாருங்கள். காப்பகத்தில் ஆணும் பெண்ணும் தனித்தனி என்றால் குடும்பம் எப்படி வரும்? கட்டணக் கழிப்பிடம் இரவில் பூட்டியிருந்தால்? இன்னொன்று, நீங்களே ஓர் அளவுகருவி. ஒரு நாள் முழுக்க நீங்கள் எங்கெங்கே கேள்வி கேட்கப்படாமல் நுழைந்தீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். பக்கத்துப் பத்தியில், நீங்கள் சந்தித்த பெண்மணி அதே நாளில் எங்கெங்கே நுழைந்தார் என்று எழுதுங்கள். ஒப்பீட்டுக் குழு வேண்டும் என்று மேலே சொன்னேன் அல்லவா, அதில் முதல் ஆள் நீங்கள்.

விதிக்கும் நடப்புக்கும் உள்ள இடைவெளியை ஆய்வது இன்னொரு வழி. இங்கே நம்மிடம் அருமையான ஒரு வாய்ப்பு இருக்கிறது. தேர்தல் ஆணையத்தின் விதிப்படி வீடற்றவரும் வாக்காளராகச் சேரலாம். படிவம் 6-இல் அவர் எழுதும் இடத்துக்கு வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில், ஒன்றுக்கு மேற்பட்ட இரவுகள், போய் அவர் அங்கேதான் தூங்குகிறாரா என்று பார்க்க வேண்டும். தூங்குகிறார் என்று உறுதியானால் இருப்பிடச் சான்று எதுவும் கேட்கக்கூடாது. எவ்வளவு நாகரிகமான விதி! சேர விரும்பும் இருபது பேரோடு கூடவே போய்ப் படிவம் கொடுத்து, ஒவ்வொரு விண்ணப்பமும் எந்த மேசையில் எத்தனை நாள் நின்றது, என்ன கேட்டார்கள், இரவில் யாராவது வந்தார்களா என்று தேதி வாரியாக எழுதுங்கள். அதே வாரத்தில் வாடகை வீட்டில் குடியிருக்கும் பத்துப் பேரின் விண்ணப்பத்தையும் தொடருங்கள். இங்கே யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. விண்ணப்பம் உண்மையானது, முடிவில் சிலருக்கு அடையாள அட்டையும் கிடைக்கும். பாகுபாட்டு ஆய்வில் பங்கேற்றவருக்கு இப்படிக் கையில் ஏதாவது மிஞ்சுவது அபூர்வம்.

காகிதங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு காப்பகம், ஆண்டு முழுவதும் 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்பது உணவுரிமை வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம் வலியுறுத்திய அளவு. உங்கள் பகுதியில் எத்தனை காப்பகம், எத்தனை படுக்கை, மாதவாரியாக எத்தனை பேர் தங்கினார்கள் என்று 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்ப் பத்து ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். இன்றே அனுப்புங்கள், பதில் வர முப்பது நாள் ஆகும், மேல்முறையீடு என்றால் இன்னும் கூடும். சட்டத்தையும் ஒரு தரவாகப் படியுங்கள். தமிழ்நாட்டில் 1945-ஆம் ஆண்டின் பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டம் இருக்கிறது. டெல்லிக்குப் பொருந்திய 1959-ஆம் ஆண்டுப் பம்பாய்ச் சட்டத்தில், பிச்சையெடுப்பதைக் குற்றமாக்கிய பிரிவுகளை டெல்லி உயர் நீதிமன்றம் 2018 ஆகஸ்டில் செல்லாது என்றது. தனிமனிதரின் வெறுப்பே தேவைப்படாத பாகுபாடு இந்த வகை.

ஆய்வகச் சோதனைகளில் எனக்கு ஈடுபாடு குறைவு. லசானா ஹாரிஸ், சூசன் ஃபிஸ்க் என்ற உளவியலாளர்கள் 2006-இல் மாணவர்களுக்கு வீடற்றவர்களின் படங்களைக் காட்டி மூளையைப் படம் பிடித்தார்கள். சக மனிதரை நினைக்கும்போது வழக்கமாகச் சுறுசுறுப்பாகும் பகுதி அந்தப் படங்களுக்கு மந்தமாக இருந்தது என்றார்கள். படித்தால் உடல் நடுங்கும். ஆனால் புகைப்படத்தைப் பார்க்கும் கல்லூரி மாணவரிலிருந்து, கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் எழுத்தருக்கு வந்து சேர வெகுதூரம் நடக்க வேண்டும். எனக்கு இதைவிட உபயோகமாகத் தோன்றுவது டொராண்டோவில் டொனால்ட் ரெடல்மையர் குழு நடத்தி 1995-இல் வெளியிட்ட சோதனை. அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த வீடற்றவர்கள் 133 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினரிடம் தன்னார்வலர்கள் கூட இருந்து பரிவாகப் பேசினார்கள். மற்றவர்களுக்கு வழக்கமான கவனிப்பு. “நன்றாக நடத்தினால் இங்கேயே சுற்றிக்கொண்டிருப்பார்கள்” என்று நம் ஊர் வாசல்களிலும் சொல்வார்களே, அதைத்தான் சோதித்தார்கள். பரிவு கிடைத்தவர்கள் திரும்பத் திரும்ப வருவது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. விரட்டுகிறவர் சொல்லும் நியாயத்தையே எடுத்து உரசிப் பார்ப்பதும் பாகுபாட்டு ஆய்வுதான். வான்கூவரில் வீடற்ற 50 பேருக்கு ஆளுக்கு 7,500 கனடிய டாலர் கொடுத்துப் பார்த்த சோதனையும் இந்த இனம். குடியிலும் போதையிலும் செலவாகிவிடும் என்று பொதுமக்கள் எதிர்பார்த்தார்கள். அந்தச் செலவு கூடவில்லை. மக்கள் கணித்ததற்கும் நடந்ததற்கும் உள்ள இடைவெளியே தப்பெண்ணத்தின் அளவு.

கேள்வியை யார் கேட்கிறார்கள் என்பதும் ஒரு முறைதான். 1981-இல் மகாராஷ்டிர முதல்வர் ஏ.ஆர்.அந்துலே நடைபாதைவாசிகளை அகற்ற உத்தரவிட, அது ஓல்கா டெல்லிஸ் வழக்காக உச்ச நீதிமன்றம் போனது. 1985 ஜூலையில் தீர்ப்பு. வாழ்வாதாரம் உயிர்வாழும் உரிமையின் பகுதி என்று சொன்ன அதே தீர்ப்பு, முறைப்படி நோட்டீஸ் கொடுத்து மழைக்காலம் முடிந்தபின் அகற்றலாம் என்றும் சொன்னது. அந்த ஆண்டிலேயே ஸ்பார்க் என்ற தொண்டு அமைப்பு பம்பாயில் நடைபாதைப் பெண்களையே சேர்த்துக்கொண்டு ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களைக் கணக்கெடுத்தது. இவர்கள் வேலைக்கு நடந்தே போகும் தூரத்தில் வாழ்பவர்கள், நகரத்துக்கு உழைப்பவர்கள் என்பது அதில் பதிவானது. வெளியிலிருந்து போனவர் கேட்டால் வராத பதில், அடுத்த தார்ப்பாயில் இருக்கும் பெண் கேட்டால் வரும். உங்கள் வினாப்பட்டியலை அங்கேயே இருக்கும் இரண்டு பெண்களிடம் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள். அதற்குக் கூலியும் கொடுங்கள்.

ஆய்வுக்கு அனுமதி தரும் அறநெறிக் குழுவின் படிவத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்தும் முகவரியும் கேட்டிருப்பார்கள். வாய்மொழி ஒப்புதலுக்கு முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். நடைபாதையில் தனியறை கிடையாது. நீங்கள் பேச உட்கார்ந்ததும் பத்துப் பேர் கூடுவார்கள். கணவர் அடிப்பதையோ ரோந்து வரும் காவலர் பணம் கேட்பதையோ அங்கே ஒரு பெண் சொல்லமாட்டார். சொன்னால் அவருக்கு ஆபத்து. அத்தகைய கேள்விகளை நடந்துகொண்டே, தண்ணீர் எடுக்கப் போகும்போது கேளுங்கள், இல்லையென்றால் கேட்காதீர்கள். யார் எங்கே தூங்குகிறார்கள் என்று துல்லியமான வரைபடம் போட்டு ஆய்வேட்டில் சேர்க்காதீர்கள். நாளைக்கு அகற்ற வருகிறவருக்கு அது வழிகாட்டி. தூங்குகிறவரை எழுப்பவே கூடாது.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இப்படிச் செய்வேன். ஒரே ஒரு வாசலை எடுத்துக்கொள்வேன்: மருத்துவமனைச் சீட்டுக் கவுண்டர், அல்லது வாக்காளர் பதிவு. ‘எல்லா வகைப் பாகுபாடும்’ என்று கிளம்பினால் எதுவும் தெரியாது. முதல் மாதம் வெறுமனே போய் வருவது, இரண்டு நோட்டுப் பத்திகளோடு. அடுத்து நாற்பது பேரிடம், கடைசியாக நடந்ததை வாசலிலிருந்து கேட்கும் நேர்காணல். இருபது பேர் நடைபாதை, இருபது பேர் அதே பகுதியில் ஓட்டு வீட்டிலோ குடிசையிலோ வாடகைக்கு இருக்கும் ஏழைகள். இந்த இரண்டாவது இருபது பேர்தான் உங்கள் ஆய்வேட்டைக் காப்பாற்றப்போகிறவர்கள், வறுமைக்குக் கிடைத்த அடி எது, முகவரி இல்லாததற்குக் கிடைத்த அடி எது என்று அவர்களை வைத்துத்தான் பிரிக்க முடியும். மூன்றாவது, ஊழியர்களிடம் அந்த எட்டுச் சூழல்கள். வழிகாட்டி 200-ஐ விடமாட்டேன் என்றால், இவையெல்லாம் முடிந்த பிறகு இருபது கேள்விக்கு மிகாத ஒரு பட்டியலை 200 பேரிடம் கொண்டு போங்கள். அப்போது எதைக் கேட்க வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

முதலில் ஐந்து பேரிடம் கேட்டுப் பார்த்துவிட்டு, எந்தக் கேள்விகள் உதிர்ந்தன என்று எழுதுங்கள். என்னுடையதில் முதலில் உதிர்ந்தது அந்த ‘வீட்டு முகவரி’க் கட்டம். அந்த இடத்தில் ‘மழை பெய்தால் எங்கே போவீர்கள்’ என்று மாற்றினேன். மேம்பாலம், மூடிய கடை, மருத்துவமனை வராந்தா, தம்பி வீடு என்று பதில்கள் வந்தன. அதற்குப் பிறகு, அங்கே எல்லாம் யார் இருக்கவிட்டார்கள், யார் விரட்டினார்கள் என்பதை நான் தனியாகக் கேட்க வேண்டியிருக்கவில்லை.